பிரிடென்ஷஸ் என்றால் என்ன? தென்னாப்பிரிக்காவில் இந்தச் சொல்லைக் கேட்கும் தமிழர்களுக்கான கேள்வி பதில்

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்காக டர்பனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் வந்தவர்கள் ஆங்கிலப் பேச்சுப் பழக என்னிடம் வருவதுண்டு. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சொற்களில் இது ஒன்று. அலுவலகத்தில் யாரோ யாரையோ 'பிரிடென்ஷஸ்' (pretentious) என்றார்கள், அது திட்டா, கிண்டலா, சாதாரணக் கருத்தா என்று பிடிபடவில்லை என்பார்கள். இங்கேயே நாலைந்து தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கேள்வி வேறு. ஆங்கிலமே வீட்டுமொழியாகிவிட்ட அவர்களுக்குப் பொருள் தெரியும், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்றுதான் கேட்பார்கள். இரு தரப்புக்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இந்தச் சொல்லின் பொருள் என்ன?

தன்னிடம் இருப்பதைவிடக் கூடுதலான அறிவோ ரசனையோ அந்தஸ்தோ இருப்பதாகக் காட்டிக்கொள்வது. இதில் இரண்டு விஷயம் சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று, ஒருவர் தன்னைப் பற்றி ஏதோ ஒரு உரிமை கொண்டாடுகிறார். இரண்டாவது, அந்த அளவுக்கு அவரிடம் சரக்கு இல்லை. இரண்டும் இருந்தால்தான் பிரிடென்ஷஸ். ஒன்று மட்டும் இருந்தால் வேறு சொல் தேட வேண்டும்.

கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்ற ஒருவர் ராக நுணுக்கங்களைப் பற்றி அரைமணி நேரம் பேசினால் நமக்குச் சலிப்பு வரலாம், ஆனால் அவர் பிரிடென்ஷஸ் இல்லை. இரண்டு ராகத்தின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு கச்சேரி முடிந்ததும் வித்வானுக்குத் திருத்தம் சொல்கிறவர் பிரிடென்ஷஸ்.

தமிழில் ஒரே சொல்லாகச் சொல்ல முடியுமா?

இடத்தைப் பொறுத்து நம்மிடம் நாலைந்து சொற்கள் இருக்கின்றன. பணம், பதவி சம்பந்தப்பட்டதாக இருந்தால் 'பந்தா', 'ஜம்பம்'. 'சும்மா பந்தா பண்றான்' என்பது பெரும்பாலான இடங்களில் சரியாக உட்காரும். உடை, வீடு, கல்யாண ஏற்பாடு என்றால் 'பகட்டு'. நடை, பேச்சு, கையசைவு எல்லாம் மிகையாக இருந்தால் 'அலட்டல்'.

ஆனால் ஆங்கிலத்தில் இந்தச் சொல் பணத்தைவிட அறிவையும் ரசனையையும் சுற்றியே அதிகம் வரும். படிக்காத புத்தகத்தைப் படித்ததுபோலப் பேசுவது, எளிமையாகச் சொல்லக்கூடியதை வேண்டுமென்றே சிக்கலாக எழுதுவது, புரியாத படத்தை ஆகா என்பது இவையெல்லாம் இந்தச் சொல்லின் சொந்த ஊர். அங்கே 'மேதாவித்தனம் காட்டுவது' என்பதுதான் எனக்குத் தெரிந்து மிக நெருங்கி வருகிறது. 'பெரிய மேதாவி மாதிரி பேசுறார்' என்றால் பிரிடென்ஷஸில் இருக்கும் குத்தல் அப்படியே வந்துவிடும்.

'திமிர்', 'கர்வம்' என்று மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது சரியில்லை. திமிர் பிடித்தவரிடம் உண்மையிலேயே திறமை இருக்கலாம். ஆங்கிலத்தில் அவரை 'ஆரகன்ட்' என்பார்கள்.

பழமொழி எதுவும் பொருந்துமா?

'குறைகுடம் கூத்தாடும்' நன்றாகப் பொருந்தும். கானமயில் ஆடுவதைப் பார்த்த வான்கோழி கதையும் பொருந்தும். 'அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்' என்பதைப் பலர் உடனே சொல்வார்கள். அதை இங்கே பயன்படுத்த எனக்கு மனம் வருவதில்லை. அந்தப் பழமொழி குடையைப் பழிப்பதுபோல ஆரம்பித்து, அவனுக்கு வாழ்வு வந்ததையே பழிக்கிறது. கரும்புக்காட்டில் கூலி வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் ஆன ஊர் இது. இங்கே அதைச் சொல்வதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

எப்படி உச்சரிப்பது? எழுத்துக்கூட்டல் ஏன் குழப்புகிறது?

பிரி-டென்-ஷஸ். அழுத்தம் நடுவில் உள்ள 'டென்' மேல். கடைசியில் டி-ஐ-ஓ-யு-எஸ் என்று எழுதியிருப்பதால் சிலர் 'டியஸ்' என்று படிக்கிறார்கள். அது 'ஷஸ்' ஆகத்தான் ஒலிக்கும். அந்த இடத்தில் 'சி' போட்டு எழுதுவது பரவலான தவறு. 'பிரிடென்ஸ்' என்ற பெயர்ச்சொல்லை பிரிட்டிஷ் முறையில் 'சி' போட்டு எழுதுவதால் வரும் குழப்பம் அது. தென்னாப்பிரிக்காவும் பிரிட்டிஷ் முறையைத்தான் பின்பற்றுகிறது. 'பிரிடென்ஷன்' என்ற இன்னொரு பெயர்ச்சொல்லில் எஸ்-ஐ-ஓ-என் வரும். ஆக, ஒரே குடும்பத்தில் மூன்று எழுத்துக்கூட்டல். மனப்பாடம் செய்வதைத் தவிர வழி இல்லை.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'முன்னால் நீட்டிப் பிடிப்பது' என்ற பொருள் கொண்ட வினைச்சொல்தான் வேர். இன்று பாசாங்கு செய்வதைக் குறிக்கும் 'பிரிடெண்ட்' என்ற சொல்லும் அதிலிருந்துதான் வந்தது. ஆரம்பத்தில் அதில் பொய் என்ற பொருள் இருக்கவில்லை, உரிமை கோருவது என்பது மட்டுமே. பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிய ஜேம்ஸ் ஃபிரான்சிஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட்டை 18ஆம் நூற்றாண்டில் 'ஓல்ட் பிரிடெண்டர்' என்று அழைத்தார்கள். 'நடிப்பவர்' என்று இன்றைய பொருளில் அதைப் படித்தால் வரலாறே மாறிவிடும். அவர் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் மகன், கோரிக்கைக்கு அடிப்படை இருந்தது. பிரிடென்ஷஸ் என்ற வடிவம் பிரெஞ்சு வழியாக 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆங்கிலத்துக்கு வந்தது. வரும்போதே பழிச்சொல்லாகத்தான் வந்தது.

டர்பனில் 'லானி' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லானி தென்னாப்பிரிக்க ஆங்கிலத்துக்கே உரிய பேச்சுவழக்குச் சொல். எழுதும்போது நடுவில் 'ஆர்' போட்டும் 'ஹெச்' போட்டும் பல விதமாக எழுதுகிறார்கள். அதன் வேர் என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை. டர்பன் இந்தியர்களின் பேச்சில் அதற்குப் பழைய பொருள் ஒன்று உண்டு: முதலாளி, குறிப்பாக வெள்ளைக்கார முதலாளி. 'மை லானி' என்றால் என் முதலாளி. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் பிறந்த நாடகாசிரியர் ரோனி கோவெந்தர் 1970களில் எழுதிய புகழ்பெற்ற நாடகத்தின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. மவுண்ட் எட்ஜ்கம்ப் கரும்புத்தோட்டப் பகுதியின் மதுக்கூடத்தில் நடக்கும் கதை அது. அங்கே லானி என்பவர் கடையின் வெள்ளைக்கார முதலாளி.

அந்தப் பொருளிலிருந்து 'முதலாளிகளுக்கு ஏற்றது', 'உயர்தரமானது' என்று சொல் விரிந்தது. அதனால் 'லானி வெடிங்' என்றால் பெரும்பாலும் பாராட்டு: மண்டபம், சாப்பாடு, அலங்காரம் எல்லாம் பிரமாதம் என்று அர்த்தம். 'உம்ஹ்லாங்கா ரொம்ப லானியான ஏரியா' என்றால் வசதியானவர்கள் இருக்கும் இடம். அங்கே போலித்தனம் என்ற பேச்சே இல்லை.

அதே சொல்லோடு 'ஆக்டிங்' சேர்ந்துவிட்டால் கதை மாறும். 'ஷி இஸ் ஆக்டிங் லானி' என்றால் லானியாக இல்லாதவர் லானி மாதிரி நடந்துகொள்கிறார் என்று பொருள். அப்போதுதான் அது பிரிடென்ஷஸுக்குப் பக்கத்தில் வருகிறது. அப்புறம் ஒரு வித்தியாசம்: லானியை நண்பர்களிடம் சிரித்துக்கொண்டே சொல்லலாம், அவர்களும் சிரிப்பார்கள். பிரிடென்ஷஸ் என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஸ்நாப், போஷ், ஆஸ்டென்டேஷஸ் இவற்றிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஸ்நாப் என்பவர் மற்றவர்களைக் கீழே பார்ப்பவர். அவரிடம் நிஜமாகவே பணமும் படிப்பும் இருக்கலாம். பிரிடென்ஷஸானவர் தன்னை மேலே காட்டுகிறவர். ஒரே ஆள் இரண்டாகவும் இருப்பது உண்டு, ஆனால் கட்டாயமில்லை. இன்னொரு சுவையான செய்தி: ஸ்நாப் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருப்புத் தைப்பவரைக் குறித்த சொல். பிறகு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் ஊர்க்காரர்களை அப்படி அழைத்தார்கள். மேலே இருப்பவர்கள் கீழே இருப்பவர்களைச் சொன்ன சொல் இன்று தலைகீழாக நிற்கிறது.

போஷ் என்றால் மேல்தட்டு. இந்தியாவுக்குப் போகும் கப்பல்களில் வெயில் படாத அறைகளுக்கான டிக்கெட்டில் நான்கு எழுத்து முத்திரை குத்துவார்கள், அதிலிருந்து வந்த சொல் இது என்று ஒரு கதை இணையத்தில் சுற்றுகிறது. அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைத்ததில்லை. அந்தக் கதையை யாரிடமும் உண்மையாகச் சொல்ல வேண்டாம்.

ஆஸ்டென்டேஷஸ் என்பது இருப்பதை ஊர் பார்க்கும்படி காட்டுவது. நூறு பவுன் நகை வைத்திருப்பவர் நூறையும் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்கு வந்தால் ஆஸ்டென்டேஷஸ். கவரிங் நகையைப் போட்டுக்கொண்டு பரம்பரை நகை என்றால் பிரிடென்ஷஸ்.

நல்ல ஆங்கிலம் பேச முயல்வது பிரிடென்ஷஸா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத ஆரம்பித்தேன். இல்லை. ஒருபோதும் இல்லை.

என்னிடம் வரும் இளைஞர்கள் பலர் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளத் தயங்குவதற்குக் காரணம் இலக்கணப் பயம் கிடையாது. கூட வேலை செய்யும் தமிழர்களே 'பெரிய வெள்ளைக்காரன் ஆயிட்டான்' என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான். இங்கே பிறந்தவர்களும் இதைத் தாண்டித்தான் வந்தார்கள். 1990களின் தொடக்கத்தில் வெள்ளையர்களுக்கு மட்டுமாக இருந்த அரசுப் பள்ளிகள் மற்றவர்களுக்கும் கதவைத் திறந்தன. அவற்றை 'மாடல் சி' பள்ளிகள் என்பார்கள். அங்கே படித்த பிள்ளைகளின் பேச்சு மாறியது. 'மாடல் சி ஆக்சென்ட்' என்பது இன்றும் கேலியாகவே சொல்லப்படுகிறது. ஏழு வயதில் பள்ளியில் கேட்ட மொழியைப் பேசுவதில் என்ன பாசாங்கு இருக்க முடியும்?

வி. எஸ். சீனிவாச சாஸ்திரியை நினைத்துப் பாருங்கள். கும்பகோணம் பக்கம் வலங்கைமானில் ஏழைப் புரோகிதர் வீட்டில் பிறந்தவர், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1927இல் இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகத் தென்னாப்பிரிக்கா வந்தார். 'வெள்ளிநாக்குப் பேச்சாளர்' என்று பிரிட்டிஷ்காரர்களே சொல்லும் அளவுக்கு அவருடைய ஆங்கிலம் இருந்தது. அந்தப் பேச்சுத் திறமையை வைத்து அவர் எடுத்த முயற்சியில்தான் இந்தியப் பிள்ளைகளுக்கான உயர்நிலைப் பள்ளியாக சாஸ்திரி கல்லூரி 1929இல் டர்பனில் திறக்கப்பட்டது. அவருடைய அரசியல் நிதானத்தை விமர்சித்தவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆனால் அந்த ஆங்கிலம் பாசாங்கு என்று எவராலும் சொல்ல முடியாது. அது உழைத்துச் சம்பாதித்தது.

எங்கே கோடு போடுவது என்று கேட்டால், நான் பார்ப்பது இதைத்தான்: அவர் கற்றுக்கொண்டிருக்கிறாரா, ஏற்கெனவே கற்றுவிட்டதாகக் காட்டுகிறாரா? தப்பாகச் சொன்ன சொல்லை யாராவது திருத்தினால் 'ஓ, அப்படியா' என்று வாங்கிக்கொள்கிறவர் கற்பவர். அவரைப் பிரிடென்ஷஸ் என்பது அநியாயம்.

'அப்பிட்டி' என்று ஒரு சொல் கேட்டேன். அதுவும் இதே பொருளா?

அகராதியில் பக்கத்தில் இருக்கும், பயன்பாட்டில் மிகத் தூரம். 'தன் இடம் தெரியாமல் நடக்கிறான்' என்று மேலே இருப்பவர்கள் சொல்லும் சொல் அது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள்மீது ஏவப்பட்டதால் இனவெறி வாடை ஒட்டிக்கொண்ட சொல். நீங்கள் அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

வித்தியாசம் புரிய இந்த மண்ணிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சி போதும். 1893 ஜூன் 7ஆம் தேதி இரவு பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் கையில் முதல் வகுப்பு டிக்கெட் இருந்தது. அவர் வழக்கறிஞர், டிக்கெட்டுக்குப் பணம் கட்டியாகியிருந்தது, இருக்கை அவருடையது. இருப்பதற்கு மேல் அவர் எதையும் கோரவில்லை. அந்த ரயிலில் இருந்தவர்கள் கண்ணுக்கு அது வரம்பு மீறலாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அதே காந்தி அதற்குச் சில ஆண்டுகள் முன்பு லண்டனில் மாணவராக இருந்தபோது ஆங்கிலக் கனவான் ஆகிவிட வேண்டும் என்று உயர்ந்த தொப்பி வாங்கினார், நடன வகுப்புக்குப் போனார், வயலின் கற்க முயன்றார். சில மாதங்களில் விட்டுவிட்டார். அதை வேண்டுமானால் பிரிடென்ஷஸ் என்று சொல்லலாம். அங்கேயும் நான் தயங்குவேன், பத்தொன்பது வயதில் ஊர் மாறி வந்த பையன் அவர்.

ஒரே நடத்தை எல்லா நாட்டிலும் பிரிடென்ஷஸ் ஆகுமா?

ஆகாது. சாப்பாட்டு மேசையில் கை துடைக்கும் துணிக்கோ காகிதத்துக்கோ தென்னாப்பிரிக்காவில் 'சர்வியட்' என்பார்கள், எல்லோரும் சொல்வது அதுதான். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வரலாறு. 1954இல் ஆலன் ராஸ் என்ற மொழியியலாளர் மேல்தட்டுப் பேச்சையும் மற்றவர் பேச்சையும் பிரித்துக் காட்டினார். மேல்தட்டினர் 'நாப்கின்' என்பார்கள், மேல்தட்டாகத் தெரிய விரும்புகிறவர்கள் 'சர்வியட்' என்பார்கள் என்ற பேச்சு அதன் பிறகு நாடு முழுக்கப் பரவியது. எனவே லண்டன் அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போகிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லி அனுப்புகிறேன். டர்பனில் தாராளமாக சர்வியட் கேளுங்கள்.

மனிதர்களுக்கு மட்டும்தானா, பொருட்களுக்கும் சொல்லலாமா?

பொருட்களுக்கும் தாராளமாகச் சொல்கிறார்கள். படம், கவிதை, உணவக மெனு, கட்டடம், விளம்பரம், ஒயின் பாட்டில்மேல் எழுதியிருக்கும் வர்ணனை எதுவும் பிரிடென்ஷஸ் ஆகலாம். சாதாரணக் கோழிக்குழம்புக்கு மெனுவில் நாலு வரி பிரெஞ்சு கலந்து எழுதியிருந்தால் அந்த மெனு பிரிடென்ஷஸ், குழம்பு நன்றாகவே இருக்கலாம்.

எதிர்ச்சொல்லைக் கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள்: 'அன்பிரிடென்ஷஸ்'. அது மனமார்ந்த பாராட்டு. டர்பனில் பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம், இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட், குடைந்த ரொட்டிக்குள் கறி ஊற்றிக் காகிதத்தில் சுற்றித் தரும் பன்னி சவ் கடைகளைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல் இல்லாமல் இருக்காது. ஒருவரின் வீட்டை, சமையலை, பேச்சை அன்பிரிடென்ஷஸ் என்றால் அவர் மகிழ்வார்.

டர்பன் தமிழர்கள் முன்னால் நான் நல்ல தமிழ் பேசினால் பிரிடென்ஷஸ் என்று நினைப்பார்களா?

பேசும் விதத்தைப் பொறுத்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் வந்தது முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக ஏறக்குறைய 1,52,000 பேர் டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு வந்தார்கள், அவர்களில் பெரும்பகுதி தென்னிந்தியர்கள். அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்குத் தமிழ் வாயில் வராததற்கு அவர்கள் காரணமில்லை. பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருந்தது, வேலை ஆங்கிலத்தில் இருந்தது. ஆனாலும் காவடியும் தேவாரமும் விடவில்லை. 1996 அரசியல் சட்டத்தின் ஆறாவது பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

அப்படிப்பட்டவர்களிடம் போய் 'உங்கள் ழகரம் சரியில்லை' என்று திருத்துவது பிரிடென்ஷஸ் மட்டுமில்லை, மனசாட்சி இல்லாத செயல். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மூதாட்டி தன் பாட்டியிடம் கேட்ட ஒரு தாலாட்டு வரியைப் பாடிக்காட்டினால் உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் இயல்பாகப் பேசும் தமிழைப் பேசுங்கள், அது அவர்களுக்குப் பிடிக்கும்.

முகத்துக்கு நேரே இந்தச் சொல்லைச் சொல்லலாமா?

நெருங்கிய நண்பரிடம் சொல்லலாம், அதுவும் அவருடைய செயலைப் பற்றி. 'யூ ஆர் பிரிடென்ஷஸ்' என்றால் ஆளே அப்படி என்று ஆகிவிடும். 'யூ ஆர் பீயிங் பிரிடென்ஷஸ்' என்றால் இப்போது நடந்துகொள்வது மட்டும் அப்படி. 'பீயிங்' என்ற ஒரு சொல் உறவைக் காப்பாற்றும். 'அ பிட்' சேர்த்தால் இன்னும் மெதுவாகும்.

வயதில் மூத்த ஆன்ட்டி, அங்கிள் யாரிடமும் எந்த வடிவத்திலும் வேண்டாம்.

என்னைப் பிரிடென்ஷஸ் என்றார்கள். என்ன செய்வது?

எதைப் பார்த்துச் சொன்னார்கள் என்று கேளுங்கள். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டு விடுங்கள், அதோடு முடிந்துபோகும். புதுச் சொல் பயன்படுத்தியதற்கும், நல்ல சட்டை போட்டதற்கும், மகளை வயலின் வகுப்பில் சேர்த்ததற்கும் சொல்லியிருந்தால் அந்தப் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பிரிசம்ப்சுவஸ், போர்டென்டஸ் இரண்டோடும் குழம்புகிறது.

பிரிசம்ப்சுவஸ் என்றால் உரிமை எடுத்துக்கொள்வது: கேட்காமல் அடுத்தவர் சார்பில் முடிவு செய்வது, முதல் சந்திப்பிலேயே சம்பளம் விசாரிப்பது. போர்டென்டஸ் என்றால் ஏதோ நடக்கப்போவதை முன்கூட்டி உணர்த்துவது, அல்லது அளவுக்கு மீறிய கனத்தோடு பேசுவது. இரண்டாவது பொருளில் மட்டும் அது பிரிடென்ஷஸை உரசிச் செல்கிறது.

பணி மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு சக ஊழியரைப் பற்றி எழுத இந்தச் சொல் ஏற்றதா?

வேண்டாம். அது நடத்தையை விவரிக்காமல் குணத்துக்குத் தீர்ப்பு எழுதும் சொல், கேள்வி வந்தால் உங்களால் நிரூபிக்க முடியாது. நடந்ததை எழுதுங்கள்: 'கூட்டத்தில் சொன்ன எண்ணிக்கைக்கு ஆதாரம் தரவில்லை', 'அறிக்கையின் நடை வாடிக்கையாளருக்குப் புரியவில்லை'. உங்கள் சொந்த அறிக்கையிலும் 'யூஸ்' போதும் என்ற இடத்தில் 'யூட்டிலைஸ்' இருக்கிறதா, 'ஸ்டார்ட்' போதும் என்ற இடத்தில் 'கமென்ஸ்' இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்து மாற்றிவிடுங்கள்.